சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங்கா, பெயிண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டிகள் பல மாநிலங்களுக்கும் போகின்றன. இந்த ஊர்களுக்கு இடையில், வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்றில் நான் நெடுங்காலமாக வேலை செய்து வருகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் பவுடர் கோட்டிங் ஜாப் ஒர்க் பட்டறைகள் பெருகிய பிறகு, "சேஸிஸுக்கும் பவுடரே அடிச்சுட்டா ஆயுசுக்கும் துருப் பிடிக்காதுங்களா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சேஸிஸ் என்பது வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்கும் அடிச்சட்டம். அவர்கள் கேட்கும் கேள்விகளையும், வேலையில் கண்டதை வைத்து நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லுங்கள். எதை அடிக்கலாம்?

பாரம் ஏற்றும் லாரி, டிப்பர், டிரெய்லர், ரிக் ஆகியவற்றின் சேஸிஸை நன்றாகச் சுத்தம் செய்து, ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமரும் (அடிப்பூச்சு) அதன்மேல் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டும் அடிப்பதே சரி என்பது என் முடிவு. முழுவதுமாகக் கழற்றி வெறும் சட்டமாக்கிய பழைய ஜீப், மோட்டார் சைக்கிள் ஃபிரேம், தனியே கழற்றி மாட்டக்கூடிய பம்பர், ஏணி, பேட்டரிப் பெட்டி, டூல் பாக்ஸ், சைடு கார்டு ஆகியவற்றுக்குப் பவுடர் கோட்டிங் நன்றாகப் பொருந்தும்.

இப்படிப் பிரிப்பதற்கு ஒரே காரணம்தான். எந்தப் பூச்சாக இருந்தாலும் சேஸிஸில் என்றேனும் ஓரிடத்தில் உடையத்தான் போகிறது. உடைந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த அன்றே, வண்டி நிற்கும் இடத்திலேயே அதைச் சரிசெய்ய முடிய வேண்டும். இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்கும் பூச்சு எதுவோ, அதுவே அந்தச் சேஸிஸுக்கு ஏற்றது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இதையே சுற்றி வருகின்றன.

பவுடர் கோட்டிங் என்றால் என்ன? பெயிண்டிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

பெயிண்டில் பிசினும் நிறமியும் தின்னரில் கரைந்தும் கலந்தும் இருக்கின்றன. தின்னர் ஆவியாகப் போனதும் மீதி படலமாக நின்று இறுகுகிறது. பவுடரில் தின்னரே கிடையாது. மாவு போன்ற பொடிக்கு ஸ்பிரே கன்னின் முனையில் பல்லாயிரம் வோல்ட் மின்னூட்டம் கொடுத்து, எர்த் செய்யப்பட்ட இரும்பின் மீது ஒட்டச் செய்து, பிறகு ஓவனில் சூடேற்றினால், அது உருகிப் பரவி, வேதிவினையால் இறுகி ஒரே படலமாகிறது. வழக்கமான பாலியெஸ்டர் பவுடருக்கு இரும்பின் சூடு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அந்தச் சூட்டிலேயே 10 முதல் 20 நிமிடங்கள் வரை நிற்க வேண்டும். ஒரே பூச்சில் 60 முதல் 100 மைக்ரான் வரை கனம் கிடைக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அந்தக் கனத்தைப் பெயிண்டில் கொண்டுவர இரண்டு மூன்று கோட் அடிக்க வேண்டும். தின்னர் புகை இல்லாததும், சிதறிய பொடியைச் சேகரித்து மறுபடியும் பயன்படுத்த முடிவதும் பவுடரின் உண்மையான நன்மைகள்.

எபாக்ஸி பவுடர் துருவை நன்றாகத் தடுக்கும், ஆனால் வெயில் பட்டால் வெளுத்துச் சுண்ணாம்பு போல உதிரும். பாலியெஸ்டர் வெயிலைத் தாங்கும். இரண்டையும் கலந்து வரும் ரகம் வீட்டுக்குள் வைக்கும் அலமாரிக்கும் ஃபேனுக்கும் உரியது. வண்டிக்கு அதை அடிக்கக் கூடாது. விலை குறைவு என்பதற்காக அந்த ரகத்தை வண்டிச் சாமானுக்கு அடித்துக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் வறண்ட ஊர்தானே? சேஸிஸ் எதற்காக இவ்வளவு துருப் பிடிக்கிறது?

கோயம்புத்தூர், திருப்பூர், கரூர் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் பகுதிகள் என்பது உண்மை. கடற்கரை ஊரில் நிற்கும் வண்டியைப் போல இங்கே நிற்கும் வண்டி காற்றினால் மட்டும் துருப் பிடிப்பதில்லை. இங்கே சேஸிஸைத் தின்பது பெரும்பாலும் அது சுமக்கும் பாரம்தான்.

நாமக்கல் கோழிப் பண்ணைகளிலிருந்து கோழி எரு ஏற்றும் வண்டியைப் பாருங்கள். எருவில் ஈரமும் உப்பும் அம்மோனியாவும் சேர்ந்தே இருக்கின்றன. அது பலகை இடுக்கு வழியாகக் கசிந்து இரண்டு பக்கச் சட்டங்களை இணைக்கும் குறுக்குத் தண்டான கிராஸ் மெம்பரின் மேல் படிந்து, காயாமல் கிடக்கிறது. தூத்துக்குடியிலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் உப்பு ஏற்றி வரும் வண்டி, பொட்டாஷ் உரம் ஏற்றும் வண்டி, திருப்பூர்ச் சாயப் பட்டறைகளுக்கு உப்பும் ரசாயனமும் கொண்டுபோகும் வண்டி, ஈர மணல் ஏற்றிய டிப்பர் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ரிக் வண்டியில் பாறைத் துகளும் தண்ணீரும் சேர்ந்த சேறு சேஸிஸின் உள்பக்கத்தில் அடை அடையாகப் பிடித்துக்கொள்ளும். வெளியே வெயில் கொளுத்தும்போதும் அந்த அடைக்குள் ஈரம் இருக்கும். ஆகவே பூச்சைத் தேர்ந்தெடுக்கும் முன், வண்டியில் என்ன ஏற்றுகிறீர்கள் என்பதைப் பட்டறைக்காரரிடம் சொல்லுங்கள். பட்டறைக்காரர் அதைக் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

பவுடர் பெயிண்டைவிட உறுதியானது என்கிறார்களே. பிறகு லாரிச் சேஸிஸுக்கு ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

உறுதியானது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. உராய்வையும் சிறு அடிகளையும் சாதாரண எனாமலைவிட அது நன்றாகத் தாங்கும். லாரிச் சேஸிஸில் அது தோற்பதற்குக் காரணங்கள் வேறு.

முதலாவது, லாரிச் சேஸிஸ் ஒற்றைத் தகடு அல்ல. பாரம் அதிகம் விழும் இடங்களில் ஒரு சேனலுக்குள் (ப வடிவில் மடித்த தகடு) இன்னொரு சேனலைச் செருகி ரிவெட் அடித்திருப்பார்கள். அந்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் தலைமுடி நுழையும் அளவுக்கு இடுக்கு இருக்கும். பழைய வண்டியில் அதற்குள் எண்ணெயும் ஈரமும் துருவும் குடியிருக்கும். ஓவனில் சூடேறும்போது அந்த எண்ணெய் உருகி வெளியே கசிந்து, பவுடர் இறுகுகிற அதே நேரத்தில் அதைத் துளைத்துக்கொண்டு வரும். இடுக்கின் வாயை மேலாகப் பாலம் போட்டது போல மூடிய பவுடர், உள்ளே இருக்கும் துருவை நிறுத்துவதில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மை உடையது என்பதால், அந்த இடத்தில் தகடுகள் உப்பிப் பிரிகின்றன. மெல்லிய எபாக்ஸி பிரைமரை நன்றாக இளக்கி அந்த இடுக்கில் பிரஷ்ஷால் ஊட்டினால் அது ஓரளவாவது உள்ளே ஊறிப் போகும். பொடியால் அது முடியாது.

இரண்டாவது, கன்னிலிருந்து வரும் மின்னூட்டம் பெற்ற பொடி, சேனலின் உள்மூலைகளுக்குள் எளிதில் போகாது. மின்புலம் வெளி விளிம்புகளில் கூடி, உள்மூலையில் குறைந்துபோவதால், வெளியே 100 மைக்ரான் ஏறிய சாமானின் உள்மூலையில் பாதிகூட ஏறாமல் இருக்கும். வோல்டேஜைக் குறைத்து, பொறுமையாக அடித்தால் இதைப் பெருமளவு சரிசெய்யலாம். அந்தப் பொறுமை எல்லாப் பட்டறையிலும் கிடைப்பதில்லை. தண்ணீரும் எருவும் தங்குவது அந்த உள்மூலையில்தான்.

மூன்றாவது, கனம். 7 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிரதான சட்டமும் 3 மில்லிமீட்டர் பிராக்கெட்டும் ஒரே ஓவனுக்குள் போகின்றன. ஓவனின் மீட்டர் 200 டிகிரி காட்டும்போது பிராக்கெட் அந்தச் சூட்டை எட்டியிருக்கும். தடித்த சட்டம் வெகுவாகப் பின்தங்கியிருக்கும். சரியாக வேகாத பவுடர் பார்ப்பதற்கு நன்றாக வெந்ததைப் போலவே பளபளக்கும். ஆனால் இரும்போடு ஒட்டாது. கல் பட்டால் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகப் பெயரும்.

நான்காவது, நான் மிக முக்கியமாகக் கருதுவது, உடைந்த பிறகு நடப்பது. சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஜல்லி பட்டு ஓரிடத்தில் பவுடர் விட்டுப்போனால், அங்கிருந்து ஈரம் படலத்துக்கு அடியில் ஊர்ந்து போகிறது. தடித்த படலம் மேலே அப்படியே நிற்பதால் உள்ளே நடப்பது தெரிவதில்லை. ஒரு நாள் கைந்நகத்தால் நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வருகிறது, அடியில் இரும்பு செதில் செதிலாக இருக்கிறது. பெயிண்டிலும் துரு ஊரும். ஆனால் அங்கே சீக்கிரமே கொப்புளமும் பழுப்புக் கறையும் தெரிந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் தொட்டு, அன்றே அடைத்துவிடலாம். பவுடரை அப்படி அடைக்க வேண்டுமானால் அதன் மேலும் பெயிண்டைத்தான் தொட வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஓடுகிற வண்டியை ஓவனுக்குள் வைக்க முடியாது.

ஓவனின் நீளமும் ஒரு தடைதான். ஜாப் ஒர்க் பட்டறைகள் பெரும்பாலும் கேட், கிரில், பேனல் போர்டு, இயந்திர உதிரிகளுக்காக அமைந்தவை. 8 மீட்டர் சட்டம் நுழையும் ஓவனைத் தேடிப் பிடித்து, அங்கே கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓவன் சூட்டில் சேஸிஸின் வலிமை குறைந்துவிடுமா?

எஃகுச் சேஸிஸுக்கு அந்தப் பயம் வேண்டாம். எஃகை உறுதிப்படுத்தும் வெப்பப் பதனங்கள் 200 டிகிரிக்கு வெகு மேலான சூட்டில் நடப்பவை. 20 நிமிட ஓவன் சூடு அதை மாற்றாது. ஆனால் ரப்பர் புஷ், பேரிங், கிரீஸ், ஏர் ஹோஸ், வயரிங், டேங்க் ஆகியவற்றில் ஒன்றுகூட சட்டத்தில் இருக்கக் கூடாது.

அலுமினியம் வேறு விஷயம். வெப்பப் பதனம் செய்த அலுமினிய அலாய், 200 டிகிரியில் நீண்ட நேரம் இருந்தால் வலிமை இழக்கக்கூடும். பழைய பவுடரை எரித்து எடுக்கும் ஓவன் அதைவிடச் சூடானது என்பதால், அலாய் வீலையும் அலுமினிய ஸ்விங் ஆர்மையும் அந்த எரிப்பு ஓவனுக்குள் வைக்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பழைய ஜீப்புக்கும் புல்லட்டுக்கும் மட்டும் எப்படிப் பொருந்துகிறது?

அவற்றை முழுக்கக் கழற்ற முடிகிறது, ஓவனுக்குள் அடங்குகின்றன, ஆண்டுக்கு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதில்லை, உரிமையாளரே வாரம் ஒருமுறை துடைத்துப் பார்க்கிறார். இவ்வளவு சாதகமும் சேர்ந்த இடத்தில் பவுடர் பல ஆண்டுகள் நன்றாக நிற்கும். அப்போதும், துத்தநாகம் கலந்த எபாக்ஸி பவுடரைப் பிரைமராக அடித்து, அதன்மேல் பாலியெஸ்டர் பவுடர் அடிக்கும் இரண்டு அடுக்கு முறையைக் கேளுங்கள். வால்பாறை மழையில் ஓடும் ஜீப்புக்கு ஒற்றை அடுக்குப் போதாது.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தம் ஜீப்பின் சேஸிஸைப் பவுடர் அடித்துத் தரும்படி எங்களிடம் விட்டார். நாங்கள் அதை டீசலாலும் தின்னராலும் கழுவி, பிளாஸ்டிங் செய்து (காற்றழுத்தத்தால் சிறு துகள்களை வீசி அடித்துத் துருவை நீக்கி), ஓவனுக்கு அனுப்பினோம். பவுடர் அடிப்பதற்கு முன் வெறும் சட்டத்தை ஒருமுறை ஓவனில் வைத்து, இடுக்குகளில் இருந்த எண்ணெயைக் கக்க வைத்திருக்க வேண்டும். நேரம் ஆகிறது என்று அதைத் தவிர்த்தோம். சட்டம் வெளியே வந்தபோது பெட்டிபோல மூடிய பகுதிகளின் ஓரத்தில் ஊசித் துளைகள் தெரிந்தன. அவற்றின் மேல் கறுப்புப் பெயிண்டைத் தொட்டுக் கொடுத்துவிட்டோம். இரண்டு மழைக்காலம் போன பிறகு அவர் வண்டியைக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல், ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங் பட்டையைச் சட்டத்தோடு பிடிக்கும் இடம்) அருகில் பவுடரை விரலால் உரித்துக் காட்டினார். அந்தச் சட்டத்தை முழுவதும் உரித்து மறுபடி எங்கள் செலவில் செய்துகொடுத்தோம். அன்றிலிருந்து, முன்சூடு காட்டாத எந்தப் பழைய சட்டத்தையும் பவுடருக்கு அனுப்புவதில்லை.

மூடிய பெட்டிச் சட்டத்தின் உள்பக்கத்துக்குப் பவுடர் போகவே போகாது. அந்த உள்வெளியில் நீண்ட குழாய் முனை கொண்ட கன் மூலம் மெழுகுப் பூச்சைத் தெளிக்க வேண்டும், தண்ணீர் வடியும் துளைகளைத் திறந்தே வைக்க வேண்டும்.

எந்த இடங்களில் பவுடர் படவே கூடாது?

இது உயிரோடு தொடர்புடையது. போல்ட்டால் இறுக்கிப் பிடிக்கும் முகங்களில் தடித்த பவுடர் இருந்தால், போல்ட்டை முறுக்கும்போது நன்றாக இறுகியது போலத் தெரியும். வண்டி ஓட ஓட, சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தப் படலம் மெல்ல நசுங்கி, போல்ட்டின் பிடிப்புத் தளர்ந்துவிடும். ஸ்பிரிங் ஹேங்கர், ஸ்டியரிங் பாக்ஸ், யு போல்ட் இருக்கை, என்ஜின் மவுண்டிங், சஸ்பென்ஷன் ஆர்ம் அமரும் இடங்கள், மரை போட்ட துளைகள், பேட்டரி எர்த் பிடிக்கும் இடம் ஆகிய எல்லாவற்றையும் சூடு தாங்கும் டேப்பாலும் சிலிக்கான் பிளக்காலும் மறைத்த பிறகே அடிக்க வேண்டும். பிறகு, மரைத் துளைகளையும் எர்த் பிடிக்கும் இடத்தையும் தவிர, அந்த முகங்களில் மெல்லிய பிரைமர் ஒரே கோட் போதும்.

சேஸிஸ் நம்பர் குத்தப்பட்ட இடத்தையும் மறைக்க வேண்டும். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது அந்த எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். தடித்த பவுடர் எழுத்துப் பள்ளங்களை நிரப்பிவிட்டால் அச்சு விழாது. பிளாஸ்டிங் கல் பட்டால் எழுத்தே மழுங்கும். எண்ணைச் சுரண்டித் தெளிவாக்கப் போய், எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்து அலைந்தவர்கள் உண்டு. அந்த இடத்தில் ரப்பர்த் துண்டை வைத்து மூடி, கடைசியில் கையால் மெல்லிய பிரைமர் தொடுவதே சரி.

ஷாட் பிளாஸ்டிங் அவசியமா? கம்பி பிரஷ்ஷும் கிரைண்டரும் போதாதா?

வெற்று இரும்பு வரை போகிற வேலைக்குப் போதாது. கம்பி பிரஷ் துருவின் மேல்பகுதியை எடுத்துவிட்டு, அடிப்பகுதியை மெருகேற்றிவிடுகிறது. பார்க்கப் பளபளவென்று இருக்கும் அந்த இடத்தில் பள்ளங்களுக்குள் உப்பும் துருவும் அப்படியே இருக்கும். பிளாஸ்டிங் செய்த இரும்பு வெண்சாம்பல் நிறமாக, கை வைத்தால் மெல்லிய உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். தரக் குறியீட்டில் இதை எஸ்.ஏ. இரண்டரை என்பார்கள்.

கோழி எரு, உப்பு ஏற்றிய வண்டியானால் பிளாஸ்டிங்குக்கு முன்பே சோப்புத் தண்ணீராலும், பிறகு நல்ல தண்ணீராலும் அழுத்தமாகக் கழுவுங்கள். உவர்ப்பான போர்வெல் தண்ணீரால் கடைசியாகக் கழுவாதீர்கள். காய்ந்ததும் அதன் உப்பே இரும்பில் நின்றுவிடும். பிளாஸ்டிங் முடிந்த சட்டத்தை வெறுங்கையால் தொடக் கூடாது, அன்று மாலைக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும். கூர்மையான விளிம்புகளில் எந்தப் பூச்சும் இழுத்துக்கொண்டு மெலிந்துவிடும் என்பதால், விளிம்புகளைக் கிரைண்டரால் உருட்டி, அங்கும் வெல்டிங் தையலிலும் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் கொடுத்த பிறகே கன் எடுக்க வேண்டும். முதலில் துரு வருவது எப்போதும் விளிம்பிலும் வெல்டிங்கிலும்தான்.

ஆற்று மணலை வைத்துப் பிளாஸ்டிங் செய்யும் பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். அந்த மணலின் சிலிக்காத் தூள் தொழிலாளியின் நுரையீரலைக் கெடுத்து, குணமாக்க முடியாத சிலிக்கோசிஸ் நோயைத் தரும். எஃகுக் குண்டு, கிரிட், கார்னெட் என்று மாற்று இருக்கும்போது ஒரு மனிதனின் மூச்சை விலையாகக் கொடுக்கத் தேவையில்லை.

பெயிண்ட் என்றால் எந்தப் பெயிண்ட்? எவ்வளவு தேவைப்படும்?

ரெட் ஆக்சைடு பிரைமரும் சாதா எனாமலும் மலிவானவை. அவை இன்னும் பெரும்பாலான வண்டிகளில் அடிக்கப்படுகின்றன. அவை தாங்கும் காலம் குறைவு, எருவின் காரத்துக்கும் டீசலுக்கும் எனாமல் மென்மையாகிவிடும். செலவு செய்ய முடிந்தவர்கள், ஜிங்க் பாஸ்பேட் கலந்த எபாக்ஸி பிரைமரை இரண்டு கோட் அடித்து, மேலே பி.யு. பெயிண்ட் ஒன்று அல்லது இரண்டு கோட் அடியுங்கள். மொத்தக் கனம் 150 மைக்ரான் வந்தால் நல்ல வேலை.

அளவுக்கு ஒரு கணக்கு: 225 மில்லிமீட்டர் உயரமும் 75 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட சேனலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்த்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு முக்கால் சதுர மீட்டர் பரப்பு. 8 மீட்டர் நீளத்தில் இரண்டு சட்டங்களுக்கு 12 சதுர மீட்டர். கிராஸ் மெம்பர், பிராக்கெட் சேர்த்து 16 என்று வையுங்கள். பாதி அளவு திடப்பொருள் உள்ள பிரைமர், 50 மைக்ரான் காய்ந்த கனத்துக்கு, லிட்டருக்கு 10 சதுர மீட்டர் வரும். கன்னில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். ஆகவே ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர், இரண்டு கோட்டுக்கு 5 லிட்டர். இரண்டு லிட்டரில் முழுச் சேஸிஸுக்கும் இரண்டு கோட் அடித்துவிட்டதாக யாராவது சொன்னால், கனம் ஏறவில்லை என்று பொருள்.

பட்டியை அப்பி மட்டமாக்கும் பழக்கம் கேபினுக்கு உரியது. சேஸிஸில் பட்டி வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் ஹார்டனர் கலந்த பெயிண்ட் டப்பாவுக்குள்ளேயே சீக்கிரம் கெட்டியாகும், சட்டமும் கை வைக்க முடியாமல் சுடும். காலையிலேயே அடித்து முடியுங்கள். ஐப்பசி மழையில் இதற்கு மாறான சிக்கல் வரும். இரும்பின் சூடு, காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் சூட்டைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அன்று கன்னைத் தொடாதீர்கள்.

பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதன் மூடுபனியை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவும் தாங்காது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பு ஆகாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொடுக்கும் முகமூடி வேண்டும். இதை ஒவ்வொரு இளம் பெயிண்டரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பழைய சேஸிஸைத் தேய்ப்பவர்களும் இதேபோல எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதி பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தியது வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்குத்தான். தொழிற்சாலைப் பெயிண்டுகள் அதற்குள் வராததால், தேய்க்கும் தூசியில் ஈயம் இருக்கலாம் என்று எண்ணியே நடந்துகொள்ள வேண்டும்.

புதுச் சேஸிஸ் வாங்கிப் பாடி கட்டப் போகிறேன். கம்பெனிப் பூச்சை எடுத்துவிட்டு அடிக்கலாமா?

எடுக்கக் கூடாது. கம்பெனியில் சட்டத்தைத் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் படிய வைக்கும் பூச்சு, 20 மைக்ரான் அளவில் மெல்லியதாக இருந்தாலும், எல்லா மூலைக்குள்ளும் போயிருக்கும். நம் பட்டறைகளில் அதற்கு ஈடு செய்ய முடியாது. நன்றாகக் கழுவி, மேற்பரப்பை மெதுவாக உப்புத்தாள் போட்டு, அதன்மேல் அடியுங்கள். பாடி கட்டும்போது போட்ட துளைகளின் விளிம்பிலும் கிரைண்டர் பொறி விழுந்த இடங்களிலும், பலகையோ சப் பிரேமோ உட்காரும் முன்பே எபாக்ஸி பிரைமர் தொட்டுவிட வேண்டும். ஏறிய பிறகு அந்த இடத்தை வண்டியின் ஆயுள் முழுவதும் யாரும் பார்க்கப் போவதில்லை.

எஃப்.சி.க்கு எப்படியும் பெயிண்ட் அடிக்கிறோமே, அது போதாதா?

எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. வருகிறது. அந்தச் சமயத்தில் சேற்றின் மேலும் கிரீஸின் மேலும் கறுப்பு அடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அது துருவை மறைக்கிறது, நிறுத்துவதில்லை. அதே நாளை வேறு விதமாகப் பயன்படுத்தலாம்: வண்டியைக் கழுவி, சட்டம் முழுவதையும் விளக்குப் பிடித்துப் பார்த்து, கொப்புளம் வந்த இடங்களை மட்டும் இரும்பு வரை தேய்த்து, எபாக்ஸி பிரைமரும் மேல்கோட்டும் தொடுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் இப்படிச் செய்த வண்டிகள் முழுப் பிளாஸ்டிங்குக்கு மிகத் தாமதமாகவே வருகின்றன.

வேஸ்ட் ஆயில் அடித்துவிட்டால் துரு வராது என்கிறார்களே?

வேண்டாம். ஆயில் ரப்பர் புஷ்ஷையும் ஏர் ஹோஸையும் ஊறவைத்துக் கெடுக்கும், தூசியைப் பிடித்துச் சேறாக்கும், பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாதபடி இடுக்கெல்லாம் நிரம்பிவிடும்.

சேஸிஸுக்குக் கறுப்புதான் அடிக்க வேண்டுமா?

அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நான் வெளிர் சாம்பல் நிறத்தையே பரிந்துரைக்கிறேன், முக்கியமாக ஸ்பிரிங் ஹேங்கரைச் சுற்றியும் கேபினுக்குப் பின்னால் சட்டத்திலும். பாரம் ஏற்றும் வண்டியில் விரிசல் விழுவது பெரும்பாலும் அங்கேதான். வெளிர் நிறத்தின் மேல் முடி போன்ற பழுப்புக் கோடு ஓடினால் டிரைவரின் கண்ணில் பட்டுவிடும்; ஆயில் கசிவும் தெரியும். கறுப்பில் இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

ஏற்கெனவே பவுடர் அடித்தாயிற்று, இப்போது உரிகிறது. என்ன செய்வது?

உரிந்த இடத்தைக் கத்தியால் நெம்பி, படலம் இரும்போடு இறுக்கமாகப் பிடித்திருக்கும் எல்லை வரும் வரை எடுங்கள். எவ்வளவு தூரம் வருகிறதோ, அவ்வளவும் போக வேண்டியதுதான். எல்லையின் விளிம்பை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, எபாக்ஸி பிரைமரும் பி.யு. பெயிண்டும் தொடுங்கள். பவுடரின் பளபளப்பை 180 நம்பர் தாளால் கீறாமல் அதன்மேல் அடித்த பெயிண்ட் ஒட்டாது. சேஸிஸில் நான்கைந்து இடங்களுக்கு மேல் இப்படி உரிந்தால், அடிப்படை வேலையே தவறு என்று கொள்ளுங்கள்; முழுவதையும் உரித்துத் தொடங்குவது தவிர வேறு வழி இல்லை. பவுடர் சற்று மிருதுவாக இருப்பதால் பிளாஸ்டிங் கல் அதன்மேல் துள்ளிவிடும். ரசாயனத்தால் இளக்கிய பிறகே கல் அடிக்க வேண்டியிருக்கும், அதற்கான கூலியும் கூடும்.

செலவில் எது லாபம்?

பவுடருக்குச் சதுர அடிக்கோ கிலோவுக்கோ கூலி பேசுவார்கள். அந்தத் தொகையைப் பெயிண்டின் கூலியோடு நேராக ஒப்பிடாதீர்கள். கழற்றி மாட்டும் கூலியும் வண்டி நிற்கும் நாட்களும் பவுடரில் கூடுதல். தவணை கட்டும் வண்டிக்கு நிற்கும் ஒவ்வொரு நாளும் கைக்காசு. பிளாஸ்டிங் செலவு இரண்டுக்கும் ஒன்றே, அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பணம் குறைவாக இருந்தால் மேல்கோட்டை மலிவாக்குங்கள், பிளாஸ்டிங்கையும் பிரைமரையும் குறைக்காதீர்கள்.

பட்டறையில் விடும்போது என்ன கேட்பது, முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

பிளாஸ்டிங் முடிந்ததும், பிரைமர் ஏறும் முன், என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். நேரில் போய்ப் பாருங்கள். பவுடரானால், ஓவனின் சூட்டை அல்ல, இரும்பின் சூட்டை எதை வைத்து அளக்கிறீர்கள் என்று கேளுங்கள். கனம் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் பட்டறையில், உள்மூலைகளில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சட்டத்தோடு ஒரு துண்டுத் தகட்டையும் சேர்த்து அடிக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்: அதில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, நல்ல டேப்பை ஒட்டி இழுத்தால் கட்டங்கள் பெயரக் கூடாது, பவுடரானால், எம்.இ.கே. என்ற கரைப்பானில் நனைத்த துணியால் தேய்க்கும்போது மேற்பரப்பு இளகிப் பிசுபிசுக்கக் கூடாது. வண்டி ஓடத் தொடங்கி 500 கிலோமீட்டரில் யு போல்ட் உட்பட எல்லாப் போல்ட்டையும், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு வரும்போது, உங்கள் சேஸிஸுக்கு அடித்த அதே பிரைமரிலும் மேல்கோட்டிலும் கலக்காத நிலையில் அரை அரை லிட்டரை, அவற்றுக்குரிய ஹார்டனரோடு கேட்டு வாங்குங்கள். ஒரு பிரஷ்ஷும் நான்கு உப்புத்தாளும் சேர்த்து டூல் பாக்ஸில் போட்டு, எந்த இடத்தில் எப்படித் தொட வேண்டும் என்பதை டிரைவருக்கு ஒருமுறை செய்துகாட்டிவிடுங்கள்.